நால்வர் கூடிய சங்கம்: ரோட்டரி சரித்திரத்தில் நாம் அறியத்தக்கவை



ஊர் கூடினால் தேர் ஓடும் என்பது நம்மவர் வாய்மொழி. ஆனால் ஊர் கூடுதல் எளிதன்று. கூடிய ஊர் பிரியாதிருத்தல் அதனினும் அரிது. பிரியாதிருந்து, தேரை எத்தெருவழியே இழுப்பது என்று ஒருமுகமாகத் துணிதல் எல்லாவற்றினும் அரிது. ஒரு சித்திரையில் ஆரவாரத்துடன் பிறந்து மறு சித்திரைக்குள் பெயரும் மறைந்துபோன சங்கங்கள் நம் நாட்டில் எத்தனை! பிறந்தவற்றுள் சிலவே நிலைத்தன. நிலைத்தவற்றுள்ளும் சிலவே பயன் தந்தன. இதற்குக் காரணம் யாது என ஆராய்தல் சங்கத்தில் பற்றுடையார் யாவர்க்கும் கடமையாகும்.

ஆண்டுக் கூட்டந்தோறும் எழும் வினா ஒன்றுண்டு. ‘இச்சங்கம் யாருக்காக? நம்முள் கல்விக்கு வழியற்ற பிள்ளைகளும் ஆதரவற்ற விதவைகளும் இன்னும் இருக்க, வெளியார் குறையை நாம் ஏன் தலைமேற்கொள்ள வேண்டும்?’ என்பர் ஒரு சாரார். ‘ஊர்ப் பொதுக் குளம் வற்றினால் நம் வீட்டுக் குடமும் வற்றாதோ?’ என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் சங்கத்தின் நன்மையையே கருதுகின்றனர் என்பதில் ஐயமில்லை. எனினும், வெறும் தர்க்கத்தால் தீராத இவ்வினாவைச் சரித்திரத்தின் துணைகொண்டு நோக்குதல் நலம் பயக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அதற்கு மிகவும் ஏற்ற உதாரணம் ரோட்டரி சங்கத்தின் வரலாறே. நம் ஊர்களில் பல்சக்கர முத்திரை பொறித்த பெயர்ப்பலகைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் பிறப்பையும் வளர்ப்பையும் அறிந்தவர் நம்முள் சிலரே.

சங்கத்தின் பிறப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்ஸின் மாகாணத்து ரேசீன் என்னும் ஊரில் 1868-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ஆம் தேதி பால் ஹாரிஸ் என்பவர் பிறந்தார். தந்தையார் வியாபாரத்தில் நொடித்துப்போனமையால், மூன்று வயதுக் குழந்தையாயிருக்கையிலேயே வெர்மாண்ட் மாகாணத்திலுள்ள வாலிங்போர்டு என்னும் சிற்றூரில் பாட்டனார் பாட்டியார் வீட்டுக்கு அனுப்பப்பெற்றார். அவ்வூர் மலையடிவாரத்திலுள்ள சிறிய ஊர். அங்கே ஒருவரை ஒருவர் அறியாதாரில்லை. அண்டை வீட்டார் நோயுற்றால் ஊரே விசாரிக்கும். அந்த அண்டையுறவின் இனிமை ஹாரிஸின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அவர் 1891-இல் அயோவா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார். பெற்றதும் தொழிலில் அமரவில்லை. ஐந்து வருஷம் உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று துணிந்து, பத்திரிகை நிருபராகவும், நாடக மேடையில் நடிகராகவும், மாட்டுப் பண்ணையில் வேலைக்காரராகவும், ஹோட்டலில் இராக் கணக்கராகவும், சலவைக்கல் வியாபாரியின் பிரதிநிதியாகவும் ஊர் ஊராய் உழைத்தார். பிறகு 1896-இல் சிக்காகோ நகரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

சிக்காகோ அக்காலத்தில் புயல்போல் வளர்ந்துகொண்டிருந்த நகரம். பல தேசத்தார் பிழைப்பை நாடி அங்கு வந்து குவிந்தனர். வாரமெல்லாம் ஹாரிஸுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ அவருக்கு உற்ற துணை ஒருவருமில்லை. பட்டணக்கரை சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகள் யாவரும் அறிந்த தனிமை அது. ஒரு நாள் மாலை நண்பரான மற்றொரு வக்கீலுடன் நகர்ப்புறத்தில் அவர் உலாவச் சென்றார். வழியிலுள்ள கடைக்காரர் பலரும் அந்நண்பரைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரித்ததைக் கண்டார். வாலிங்போர்டு அவர் நினைவுக்கு வந்தது. பெருநகரத்தின் நடுவில் ஒரு சிற்றூரை உண்டாக்க முடியாதா என்ற எண்ணம் அன்று தோன்றிற்று. எண்ணம் செயலாவதற்குச் சில வருஷங்கள் சென்றன.

1905-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதி மாலை, ஹாரிஸ் தம் நண்பரும் நிலக்கரி வியாபாரியுமான சில்வெஸ்டர் ஷீல் என்பாருடன் உணவருந்தினார். பின்னர் இருவரும் டியர்போர்ன் தெருவிலிருந்த யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறைக்குச் சென்றனர். அது சுரங்க இஞ்சினீயரான கஸ்டாவஸ் லோயர் என்பவரின் ஆபீஸ். தையற்கடை வைத்திருந்த ஹைராம் ஷோரி என்பாரும் அங்கு வந்திருந்தார். வக்கீல் ஒருவர், கரி வியாபாரி ஒருவர், இஞ்சினீயர் ஒருவர், துணி தைப்பவர் ஒருவர்: இந்நால்வர் கூடியதே ரோட்டரி சங்கத்தின் முதற்கூட்டம். அடுத்து அச்சுக்கூடம் நடத்திய ஹாரி ரக்ள்ஸ் என்பவர் சேர்ந்தார். கூட்டத்தில் யாவரும் சேர்ந்து பாடும் வழக்கம் அவரால் வந்தது. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வோர் அங்கத்தினரின் தொழிலிடத்தில் முறைவைத்துச் சுழற்சியாய் நடத்தியமையால், சுழலுதல் என்ற பொருளுடைய ரோட்டரி என்னும் பெயர் அமைந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவரே அங்கத்தினராகலாம் என்பது அந்நாளில் விதியாயிருந்தது. பட்டமும் பதவியும் விடுத்து, ஒருவரை ஒருவர் இயற்பெயரால் அழைப்பது வழக்கம்.

இங்கு நம்மவர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சங்கத்தை நினைத்துத் தோற்றுவித்தவர் ஹாரிஸ். ஆயினும் முதல் அக்கிராசனர் அவரல்லர். ஷீலையே அவ்வாசனத்தில் அமர்த்தினர். மூன்றாமவராக 1907-இல்தான் ஹாரிஸ் அப்பதவியை ஏற்றார். தோற்றுவித்தவரே தலைமையும் வகிக்கவேண்டும் என்ற பிடிவாதத்தால் உடைந்த சங்கங்கள் எத்தனை என்பதை நம் வாசகர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

சேரமறுத்த ஒருவர்

இவ்வளவும் சொன்னபின் உண்மையொன்றை மறைத்தலாகாது. அச்சங்கம் பிறந்தபோது பரோபகாரச் சங்கமாய்ப் பிறக்கவில்லை. 1906-இல் எழுதப்பெற்ற அதன் விதிகளில் இரண்டு நோக்கங்களே இருந்தன. அங்கத்தினரின் வியாபார அபிவிருத்தி ஒன்று. அவர்களுக்குள் நட்புறவு மற்றொன்று. கரி வேண்டுவோர் ஷீலிடம் வாங்குவர். சட்டை வேண்டுவோர் ஷோரியிடம் தைப்பர். அச்சிட வேண்டுவோர் ரக்ள்ஸிடம் செல்வர். இதில் குற்றமொன்றுமில்லை. தம்மவர்க்குத் தாம் உதவுதல் எல்லாச் சங்கங்களின் பிறப்பிலும் காணப்படுவதே. ஆனால் அவ்வளவில் நின்றிருந்தால், அந்நால்வர் பெயரும் அவர்களோடு மறைந்திருக்கும்.

அவ்வாண்டில், பிரெடரிக் ட்வீட் என்னும் அங்கத்தினர், டானல்டு கார்ட்டர் என்பவரைச் சங்கத்தில் சேருமாறு அழைத்தார். கார்ட்டர், புதிய கருவிகளைக் கண்டுபிடிப்போரின் உரிமைகளைப் பதிவு செய்விக்கும் வக்கீல். சங்கத்தின் நோக்கங்கள் யாவை என அவர் வினவினார். விதிகளைப் படித்துக் காட்டினர். படித்தபின் அவர் சேர மறுத்துவிட்டார். அங்கத்தினர் நன்மையை மட்டும் நாடும் சங்கம் நீடித்து வளராது. தன் வட்டத்துக்கு வெளியேயுள்ளார்க்கும் ஏதேனும் செய்யும் சங்கத்திற்கே எதிர்காலமுண்டு என்பது அவர் கருத்து.

இத்தகைய மறுமொழி கேட்டவிடத்து நம்மில் பலர் என் செய்வோம்? ‘இவருக்கு என்ன கர்வம்!’ என்று முகம் சுளித்து மீள்வோம். ட்வீட் அவ்வாறு செய்யவில்லை. ‘நீர் சொல்வது நியாயமே, நீரே உள்ளே வந்து விதியைத் திருத்தித் தாரும்’ என்ற கருத்தில் அவரை மீண்டும் அழைத்தார். கார்ட்டர் இசைந்தார். சிக்காகோ நகரத்தின் நன்மையை வளர்ப்பதும், நகர மாந்தர்க்குத் தம் நகரின்மீது பற்றும் பெருமிதமும் உண்டாக்குவதும் மூன்றாவது நோக்கமாகச் சேர்க்கப்பட்டன. குறை சொன்னவரையே குறை தீர்ப்பவராக்கிய இச்செயல்தான் ரோட்டரியின் இரண்டாம் பிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

முதற்கைங்கர்யம்

நோக்கத்தைக் காகிதத்தில் எழுதுதல் எளிது. செயலிற் காட்டுதல் எங்ஙனம்? ஹாரிஸ் அக்கிராசனராயிருந்த 1907-இல் அவர்கள் மேற்கொண்ட முதற் பெருங்காரியத்தைக் கேட்டால் நம்மவர் சிலர் வியப்பர். கோயில் மண்டபமன்று, மணிக்கூண்டன்று, சிலையுமன்று. நகரின் நடுவே பொதுஜனங்களுக்கு ஒரு கழிப்பிடம் கட்டவேண்டும் என்பதே அது.

அற்பமென எண்ணற்க. அந்நாளில் சிக்காகோ நகரத்துக் கடைவீதிக்கு வரும் ஆண்கள் இயற்கை உபாதை தீர வேண்டுமாயின் மதுக்கடைக்குள் நுழையவேண்டும். நுழைந்தவர் ஒரு குவளை வாங்காமல் வெளியேறுவது கடினம். பெண்கள் பெரிய ஜவுளிக் கடைகளுக்குள் சென்றாக வேண்டும். ஏழைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் பட்ட அல்லல் சொல்லத்தரமன்று. ஆதலின் இத்திட்டத்தை எதிர்த்தவர் யாரென்றால், பீர் உற்பத்தியாளர்களும் பெரிய கடைகளின் உரிமையாளர்களுமே. ‘எங்கள் 6,000 மதுக்கடைகளில் அவ்வசதி இருக்கிறதே’ என்றனர் முன்னவர். ‘எங்கள் கடைகளில் இலவசமாகவே அளிக்கிறோமே’ என்றனர் பின்னவர். இலவசத்தின் உட்பொருள் யாவரும் அறிந்ததே.

இதில் பொதிந்த சோதனையை உற்று நோக்குங்கள். சங்கத்தார் தாமும் வியாபாரிகளே. வியாபாரிகளின் நட்பால் வாழும் சங்கம், செல்வாக்குள்ள வியாபாரிகளின் பகையைத் தேடிக்கொள்ளலாமா என்ற அச்சம் அவர்களுக்கு எழாதிருந்திருக்க முடியாது. ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை. நகரத்தின் பல அமைப்புகளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு விடாது முயன்றனர். 1909-இல் நகரசபை மாளிகையின் அருகே அப்பொதுக் கழிப்பிடம் எழுந்தது. தன் அங்கத்தினர்க்கு ஒரு காசு லாபமும் தராத காரியம் அது. சங்கத்தின் மூன்றாவது நோக்கம் வெறுஞ்சொல்லன்று என்பதற்கு அதுவே முதற்சான்று.

தம் ஊர் தாண்டியது

பிற நகரங்களிலும் இத்தகைய சங்கம் வேண்டும் என ஹாரிஸ் விரும்பினார். சிக்காகோ அங்கத்தினர் பலர்க்கு அது பிடிக்கவில்லை. நம் சங்கம் நமக்குப் போதும். பிறவூரார் பொருட்டுச் செலவும் சிரமமும் ஏன் என்பது அவர்கள் எண்ணம். எனினும் 1908-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் இரண்டாவது சங்கம் ஏற்பட்டது. 1910-இல் 16 சங்கங்களின் பிரதிநிதிகள் சிக்காகோவில் கூடித் தேசீயச் சங்கமொன்றை நிறுவி, ஹாரிஸையே அதன் முதல் அக்கிராசனராக்கினர். செஸ்லி பெர்ரி என்பார் காரியதரிசியானார். அவர் 1942 வரை 32 வருஷம் அப்பொறுப்பைச் சுமந்தார். அக்கிராசனர்களின் பெயர் படத்தோடு நிலைக்கிறது. காரியதரிசியின் உழைப்போ கடிதக்கட்டுகளுள் மறைந்துகிடக்கிறது. நம் சங்கங்களிலும் இது உண்மையன்றோ?

இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் 1919-இல் கல்கத்தாவில் ஆர். ஜே. கூம்ப்ஸ் என்பவரின் முயற்சியால் தோன்றிற்று. பிறகு கீழ்நாடுகளில் அதைப் பரப்பியவர் கானடா தேசத்துக் கால்கரி நகரினரான ஜேம்ஸ் டேவிட்ஸன். 1928-இல் மனைவியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். சில மாதங்களில் முடியுமென எண்ணிய யாத்திரை 1931 வரை நீண்டது. ஏதென்ஸ், கெய்ரோ, பம்பாய், சென்னை, கொழும்பு, ரங்கூன், கோலாலம்பூர், சிங்கப்பூர் முதலிய நகரங்களில் சங்கங்கள் எழுந்தன. சென்னைச் சங்கமும் கொழும்புச் சங்கமும் 1929-இல் பிறந்தவை. தமிழர் வாழும் கரைகள் பலவற்றையும் ஒரே யாத்திரை தொட்டது என்பது நமக்கு நினைக்க இனியது. சொந்தப் பணத்தையும் பெரிதும் செலவிட்ட டேவிட்ஸன் 1933-இல் காலஞ்சென்றார். கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாகரி என்பவர் 1962-63-இல் அகில உலக ரோட்டரியின் தலைவரானார். இந்தியருள் அப்பதவியை முதலில் ஏற்றவர் அவரே.

வட்டம் குறுகிய காலம்

வளர்ச்சியை மட்டும் சொல்லி வீழ்ச்சியை விடுத்தல் சரித்திரமாகாது. ஜெர்மனியில் மூனிக் நகரத்துச் சங்கம் 1928-இல் ஏற்பட்டபோது, அதன் ஸ்தாபக அங்கத்தினருள் ஒருவராயிருந்தவர் தாமஸ் மான் என்னும் பெரும் நாவலாசிரியர். அவர்க்கு 1929-இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அத்தகையவர் தம் நகரத்துச் சங்கத்தில் இருப்பது எவர்க்கும் பெருமையே. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே மூனிக் சங்கத்தார் தாமஸ் மானின் அங்கத்தினர் உரிமையை நீக்கி, வெளிநாட்டிலிருந்த அவர்க்குக் கடிதம் அனுப்பினர். யூத குலத்தவரான அங்கத்தினரும் விலக்கப்பட்டனர். ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகாமல் சங்கத்தைக் காப்பாற்றலாம் என்று அவர்கள் நம்பினர் போலும்.

காப்பாற்ற முடிந்ததா? இல்லை. 1937-இல் ஜெர்மனியின் ரோட்டரி சங்கங்கள் யாவும் கலைக்கப்பட்டன. தோழரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர்க்கு நான்கு வருஷத்தில் அவ்வீடும் இல்லாதுபோயிற்று. யுத்தம் முடிந்து 1949-இல்தான் அங்கு ரோட்டரி மீண்டும் தலையெடுத்தது. அச்சத்தால் ஒருவரை விலக்கும் சங்கம், தன்னை விலக்குவார்க்கு முன்மாதிரி காட்டுகிறது என்பதே இதன் பாடம். இதனை நாம் நன்கு நெஞ்சில் பதித்தல் வேண்டும்.

கதவு திறந்த கதை

விலக்கல் எதேச்சாதிகார நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ரோட்டரியின் சொந்த விதியே எழுபது வருஷத்துக்கும் மேலாகப் பெண்மக்களை அங்கத்தினராகச் சேர்க்கவொட்டாமல் வைத்திருந்தது. கூட்டங்களுக்குச் சிற்றுண்டி தயாரிக்கவும், சேவையில் கைகொடுக்கவும் மனைவியரும் மகளிரும் வேண்டியிருந்தனர். வருகைப் பதிவேட்டில் பெயரெழுத மட்டும் இடமில்லை. நம் மாதர்கள் இதைப் படித்துப் புன்முறுவல் செய்வார்கள் என்பதை நாம் அறிவோம்.

காலிபோர்னியாவில் டுவார்ட்டே என்னும் ஊரின் சிறு சங்கம், அங்கத்தினர் குறைந்து தளர்ந்திருந்த நிலையில், 1977-இல் மூன்று பெண்மணிகளைச் சேர்த்துக்கொண்டது. தலைமை ஸ்தாபனம் 1978-இல் அச்சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. டுவார்ட்டே சங்கத்தார் அழவுமில்லை, கலையவுமில்லை. தம் சக்கர முத்திரையின்மேல் பெருக்கல் குறியொன்றை இட்டு அதையே சட்டையில் அணிந்து கூட்டம் நடத்தி வந்தனர், நியாயஸ்தலத்தையும் நாடினர். 1987-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அச்சங்கம் பெண்மணி ஒருவரை அக்கிராசனராகத் தேர்ந்தெடுத்தது. 1989-இல் ரோட்டரியின் சட்டசபை உலகமெங்கும் அத்தடையை நீக்கிற்று. 2022-இல் கானடா நாட்டு ஜென்னிபர் ஜோன்ஸ் அகில உலகத் தலைமையை ஏற்றார். அவ்வாசனத்தில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. சிறியதொரு கிளை நேர்மையாய்ச் செய்ததைப் பெரிய மரம் பத்து வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டது. தலைமைச் சங்கம் எப்போதும் அறிவில் மூத்தது, கிளைச் சங்கம் எப்போதும் இளையது என்பதில்லை.

மாண்டவர்க்குச் செய்யும் மரியாதை

சங்கங்கள் தம் முன்னோரை நினைவுகூர்வது வழக்கம். படம் திறத்தல், மாலை சூட்டுதல், பிரசங்கம் செய்தல் ஆகிய இவை நாம் அறிந்தவை. இவ்விஷயத்தில் ரோட்டரியின் வழக்கம் நோக்கத்தக்கது. 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்ற அக்கிராசனர், உலகில் நன்மை செய்தற்கென ஒரு மூலதன நிதி வேண்டுமென்றார். அதற்கு முதலில் வந்த நன்கொடை கான்ஸாஸ் நகரச் சங்கத்தார் அனுப்பிய 26 டாலர் 50 சென்டு. நகைத்தவர்களும் இருந்திருப்பர். முப்பது வருஷம் அந்நிதி மெல்லவே ஊர்ந்தது.

1947-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 27-ஆம் தேதி பால் ஹாரிஸ் சிக்காகோவில் காலமானார். அவர்க்கும் மனைவியார் ஜீன் அம்மையார்க்கும் மக்கட்பேறில்லை. தமக்கு மலர்வளையமும் மண்டபமும் வேண்டாம், நிதிக்கே அளியுங்கள் என்பது அவர் விருப்பம். உலகெங்குமுள்ள சங்கத்தார் அவ்வாறே அளித்தனர். 18 மாதங்களில் 13 லட்சம் டாலர் சேர்ந்தது. அதைக்கொண்டு 18 மாணாக்கர் பிறநாடு சென்று உயர்கல்வி கற்க முதலாண்டில் உதவித்தொகை பெற்றனர். பிள்ளையில்லாதவரின் நினைவு, பிறர் பிள்ளைகளின் படிப்பாய் வாழ்ந்தது. ஹாரிஸின் உடல், அவருடைய முதல் தோழர் ஷீல் அடக்கம் செய்யப்பெற்ற மவுண்ட் ஹோப் இடுகாட்டிலேயே, அவர் கல்லறைக்கு அருகில் வைக்கப்பட்டது. 1905-இல் சேர்ந்துண்ட இருவர் அங்கும் அண்டையராயினர்.

முதற்கூட்டம் நடந்த யூனிட்டி கட்டடம் 1989-இல் இடிக்கப்பட்டது. அதற்குமுன் 711-ஆம் அறையின் உட்பகுதிகளைக் கவனமாகக் கழற்றியெடுத்து, இவான்ஸ்டன் நகரத்திலுள்ள தலைமை நிலையத்தில் பழையபடியே அமைத்து வைத்துள்ளனர். நால்வர் அமர்ந்த சிறு அறையை இவ்வளவு போற்றுவதைக் காணுங்கால், நம் சங்கங்களின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகள் எங்கெங்கே கரையானுக்கு இரையாகின்றனவோ என்ற கவலை நமக்கு எழுகிறது.

இளம்பிள்ளை வாதத்தை ஓட்டியது

அவ்விரிந்த வட்டத்தால் உலகம் கண்ட பெரும்பயன் இளம்பிள்ளை வாத ஒழிப்பு. நடக்கும் குழந்தையை ஓரிரவில் முடமாக்கும் அந்நோயை நம் வீதிகளில் காணாத முதியோர் இல்லை. பிலிப்பைன் தீவுகளில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்க ரோட்டரி 1979-இல் முன்வந்தது. பிறகு 1985-இல் உலகெங்கும் அதனை ஒழிப்பதென விரதம் பூண்டு, 12 கோடி டாலர் திரட்ட எண்ணி, 1988-க்குள் 24 கோடியே 70 லட்சம் டாலர் திரட்டிற்று. உலக சுகாதார ஸ்தாபனமும் அவ்வாண்டில் ஒழிப்புத் தீர்மானம் செய்தது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை அந்நோய் தாக்கி வந்தது.

இதற்கு வழிகாட்டிய முறைகளுள் ஒன்று தமிழகத்தில் சோதிக்கப்பட்டது என்பதை நம்மவர் அறிதல் வேண்டும். ஊரிலுள்ள சிறு குழந்தைகள் யாவர்க்கும் குறித்ததொரு காலத்தில் ஒருசேர மருந்தளிக்கும் முறையை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஜானும் அவர் துணைவர்களும் அந்நகரில் செய்து பார்த்து, 1983-இல் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் அதன் பயனை வெளியிட்டனர். 1995 முதல் இந்தியாவெங்கும் அவ்வகை மருந்து நாட்கள் நடந்தன. ஒரே சுற்றில் சுமார் 17 கோடி குழந்தைகளுக்கு மருந்து அளிக்கப்பட்டதுண்டு. அரசாங்கத்தாரும் உலக ஸ்தாபனங்களும் தாதியரும் செய்த பெருங்காரியத்தில், ரோட்டரி அங்கத்தினரும் ரயில் நிலையத்திலும் சந்தையிலும் பள்ளிவாசலிலும் கோயில் வாயிலிலும் நின்று பங்கு கொண்டனர். 2009-இல் 741 குழந்தைகள் இந்நாட்டில் பாதிக்கப்பட்டனர். கடைசியாக 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 13-ஆம் தேதி மேற்கு வங்காளத்து ஹௌராவில் ஒரு சிறுமி. 2014-ஆம் வருஷம் மார்ச் மாதம் 27-ஆம் தேதி தென்கிழக்கு ஆசியா இந்நோயற்றதெனச் சான்று பெற்றது. ஆப்கானிஸ்தானத்திலும் பாக்கிஸ்தானத்திலும் அந்நோய் இன்னும் வேரோடு அறுபடவில்லை, வேலையும் நின்றபாடில்லை.

இக்காரியத்தில் ஒரு நுட்பம் உண்டு. தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மருந்தளித்து நிம்மதியாயிருக்க ஒருவராலும் இயலாது. அடுத்த சேரியில் ஒரு குழந்தை விடுபட்டாலும் நோய் அங்கே தங்கியிருந்து மறுபடி வரும். எல்லாக் குழந்தைகளும் காக்கப்பட்டால்தான் எந்தக் குழந்தையும் காக்கப்படும். நம்மவர்க்குச் செய்வதா, பிறர்க்குச் செய்வதா என்று கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினா இங்கே தானே கரைந்து போவதைக் காண்க.

முடிவுரை

நால்வராய்த் தொடங்கிய அச்சங்கம் இன்று 45,000-க்கு மேற்பட்ட கிளைகளும் ஏறக்குறைய 12 லட்சம் அங்கத்தினரும் உடையது. எண்ணிக்கையைக் கொண்டாடுவது நம் கருத்தன்று. அதனிடத்துக் குறைகளே இல்லை என்பதும் நம் வாதமன்று. செல்வரும் உத்தியோகஸ்தரும் கூடி விருந்துண்டு கலைவதோடு நிற்கும் கிளைகள் உண்டென்ற குறையை நாமும் கேட்டிருக்கிறோம். நாம் காண்பது ஒன்றே. கார்ட்டரின் சொல்லைக் கேட்டபோதும், ஊர் தாண்டியபோதும், பெண்மக்களுக்குக் கதவு திறந்தபோதும், முகமறியாக் குழந்தைகளுக்கு மருந்து சுமந்தபோதும் அது வளர்ந்தது. மூனிக்கில் அஞ்சிக் கதவடைத்தபோது அது மாண்டது.

தம்மவரைத் தாங்குதல் சங்கத்தின் முதற்கடன் என்பதை நாம் மறுக்கவில்லை. ஏழை மாணாக்கர்க்கு நாம் அளிக்கும் புஸ்தகமும், திக்கற்றவர்க்கு அளிக்கும் அரிசியும் குறையாது நடக்க. ஆயினும் ஆண்டுக்கு ஒரு காரியமேனும், அதன் பயனைத் துய்ப்பவர் யாரென்று நாம் கேளாத காரியமாக இருக்கட்டும். தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பிடம், ஊர்க்குளத்துத் தூர்வாரல் ஆகியவற்றுள் எதுவாயினும் ஆகுக. நம் சங்கத்தின் குறையைச் சொல்லிச் சேரமறுக்கும் ஒருவர் இருந்தால், அவரைப் பகையாதீர்கள். அவர் வீட்டுக்கு மறுபடி ஒருமுறை செல்லுங்கள். நம் விதிப்புத்தகத்தில் இன்னும் எழுதப்படாத மூன்றாவது நோக்கம் அவரிடத்தில் இருக்கலாம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஆலோசித்து முடிவு செய்யுமாறு சங்கத்தார் அனைவரையும், சிறப்பாக நம் மாதர்களையும் இளைஞர்களையும், பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.